டாம் அண்ட் ஜெர்ரியில் காணாமல் போன காட்சிகள்: யார் வெட்டினார்கள், எது திரும்பி வரும்?

கேள்வி சுருக்கமாக இது: "சின்ன வயதில் டிவியில் பார்த்த டாம் அண்ட் ஜெர்ரியை இப்போது என் மகனுக்குப் போட்டுக் காட்டுகிறேன். சில இடங்களில் காட்சி திடீரென்று தாவுகிறது. அந்த வேலைக்கார அம்மாவின் குரல் ஒரு வீடியோவில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கிறது. இதையெல்லாம் வெட்டுவது யார்? 'ரெஸ்டோர் செய்தது' என்று விற்கிறார்களே, அதை வாங்கினால் முழுப் படமும் கிடைக்குமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பழைய பிலிமைச் சுத்தம் செய்து பளிச்சென்று ஆக்குவது ஆய்வகத்தில் நடக்கும் வேலை. எதை வெளியிடுவது, எதை விடுவது என்பது நிறுவனத்தின் விற்பனைப் பிரிவும் வக்கீல்களும் எடுக்கும் முடிவு. கோடும் கறையுமாக இருக்கும் பழைய பிரிண்டில் படம் முழுசாக இருக்கலாம். கண்ணைப் பறிக்கும் புளூ-ரேயில் அரை நிமிடம் இல்லாமல் போயிருக்கலாம்.

அடுத்தது, யார் வெட்டுகிறார்கள். நம் ஊரில் சென்சார் என்றதும் அரசாங்கம், சான்றிதழ் வாரியம், கத்தரிக்கோல் என்றுதான் மனம் போகும். டாம் அண்ட் ஜெர்ரி விஷயத்தில் அரசாங்கம் கிட்டத்தட்ட எங்குமே இல்லை. வெட்டியவர்கள் எல்லாருமே படத்தின் சொந்தக்காரர்கள், அல்லது அவர்களிடம் வாங்கி ஒளிபரப்பியவர்கள். அதுவும் ஒரே தடவையில் நடந்ததல்ல. படம் ஒவ்வொரு கை மாறும்போதும், ஒவ்வொரு புதுச் சந்தைக்குப் போகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

இவை டிவிக்காக எடுத்தவை அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் 1940 முதல் 1958 வரை வெளிவந்த 114 குறும்படங்களைச் செய்தார்கள். எல்லாம் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடும் ஏழெட்டு நிமிடப் படங்கள். பார்த்தவர்களில் பெரியவர்களும் நிறைய. அந்தக் கால அமெரிக்கத் தியேட்டரில் எதற்கெல்லாம் சிரித்தார்களோ, அதெல்லாம் படத்துக்குள்ளும் இருக்கிறது: சிகரெட், துப்பாக்கி, போதையில் தள்ளாடும் பூனை, அப்புறம் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் நகைச்சுவை. இருபது வருடம் கழித்து இதே படங்கள் சனிக்கிழமை காலையில் குழந்தைகள் பார்க்கும் சரக்காக மாறின. பிரச்சினை முழுக்க அந்த மாற்றத்தில் இருந்து கிளம்பியதுதான்.

ஒரு படத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், மற்றதெல்லாம் புரிந்துவிடும். 1948இல் வந்த 'மவுஸ் கிளீனிங்'. வீட்டைத் துடைத்து மெழுகிவிட்டு அந்த அம்மா கடைக்குக் கிளம்புகிறார். திரும்பி வரும்போது ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் டாமுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று எச்சரித்துவிட்டுப் போகிறார். ஜெர்ரிக்கு இது போதாதா? தக்காளி, மை, குதிரை என்று ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து வீட்டை நாசம் செய்கிறது. கடைசியில் ஒரு லாரி நிலக்கரியை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கொட்டவைக்கிறது. அந்த அம்மா கதவைத் திறந்ததும் கரி வெள்ளமாக வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. கரிக் குவியலில் இருந்து டாம் தலையை நீட்டுகிறது, முகமெல்லாம் கருப்பு. அவர் அதை யாரோ ஒரு கறுப்பின ஆள் என்று நினைத்து, இங்கே ஒரு பூனையைப் பார்த்தாயா என்று கேட்கிறார். டாம் உதட்டைத் தொங்கவிட்டு, இழுத்து இழுத்துப் பேசும் ஒரு கேலிக் குரலில் பதில் சொல்லிவிட்டு நழுவப் பார்க்கிறது. அப்புறம் அவர் கண்டுபிடித்து, கரித்துண்டுகளை எறிந்து துரத்துகிறார். படம் முடிகிறது.

பிரச்சினை அந்தக் கரி முகத்து உரையாடலில் இருக்கிறது. அது சில விநாடிகள்தான். ஆனால் அதை எடுத்துவிட்டால் படத்துக்கு முடிவே இல்லை. ஆறேழு நிமிடம் கட்டிக்கொண்டு வந்த நகைச்சுவை முழுக்க அந்த இடத்தில் போய் முட்டுகிறது. அதனால் வெட்டிப் போட்டாலும் படம் குறைப்பிரசவமாகிவிடும், வெட்டாமல் போட்டாலும் திட்டு விழும். இந்த மாதிரிப் படத்தை நிறுவனங்கள் என்ன செய்யும்? அலமாரியில் வைத்துப் பூட்டிவிடும். 1951இல் வந்த 'காசனோவா கேட்' கதையும் இதுதான். அதில் டாம் சுருட்டுப் புகையால் ஜெர்ரியின் முகத்தைக் கருக்கி, காதலி முன்னால் ஆடவைக்கும் ஒரு இடம் வரும். 1946இல் வந்த 'தி மில்க்கி வெய்ஃப்' படத்தில் ஜெர்ரியும் அந்தக் குட்டி எலியும் ஷூ பாலிஷைப் பூசிக்கொண்டு மாறுவேடம் போடும். அங்கே அந்தப் பகுதி கதைக்கு அவ்வளவு முக்கியமில்லை என்பதால் அதை மட்டும் நறுக்கிவிட்டு மற்றதை ஓட்டினார்கள்.

இதைவிடச் சின்ன வெட்டுகள் நிறைய. வெடி வெடிக்கும், டாமின் முகம் கரியாகும், காதோரம் பூவிதழ் மாதிரி விரிந்து ஒரு கேலி உருவமாகிவிடும், ஒரு விநாடி நிற்கும், போய்விடும். டிவிப் பிரதிகளில் வெடிச் சத்தத்தோடு அடுத்த காட்சிக்குத் தாவுவது இதனால்தான்.

வெட்டைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிடக் காது நல்லது. இந்தப் படங்களுக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி, டாம் ஒரு படி இறங்கினால் அதற்கு ஒரு சுரம், கண் சிமிட்டினால் அதற்கு ஒரு தட்டு என்று பிரேம் கணக்குப் பார்த்து எழுதியவர். படத்தில் எங்கே கை வைத்தாலும் இசையில் தாளம் முறியும். பார்த்துக்கொண்டிருக்கும்போது வயலின் பாதி இழுப்பில் நின்று, சம்பந்தமில்லாமல் டிரம்பெட்டில் தொடங்கினால், அங்கே கத்தரி விழுந்திருக்கிறது என்று தாராளமாக முடிவு செய்யலாம்.

இனி அந்தக் குரல் விஷயம். எனக்கு இந்தக் கதையிலேயே அதிகக் கோபம் வருவது இதில்தான்.

நீங்கள் வேலைக்கார அம்மா என்று குறிப்பிட்ட பாத்திரத்துக்கு ரசிகர்கள் வழங்கும் பெயர் மேமி டூ ஷூஸ். எலியின் உயரத்தில் இருந்து உலகத்தைப் பார்க்கும் படம் என்பதால் அவருடைய கால், செருப்பு, பாவாடை விளிம்பு, துடைப்பம், "தாமஸ்!" என்று வீடு அதிரக் கூப்பிடும் குரல், இவ்வளவுதான் நமக்குத் தெரியும். அவர் வேலைக்காரியா, வீட்டுக்காரியே அவர்தானா என்பதிலேயே ரசிகர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. குரல் கொடுத்தவர் லில்லியன் ரண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. அமெரிக்க வானொலி நாடகங்களில் பெயர் பெற்றவர், 1946இல் வந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் நடித்தவர். டாம் அண்ட் ஜெர்ரியின் டைட்டிலில் அவர் பெயர் வரவே இல்லை.

தடித்த உடம்பு, கொச்சைப் பேச்சு, வெள்ளைக்கார வீட்டுச் சமையலறை. அமெரிக்க சினிமா கறுப்பினப் பெண்களுக்கு ஒதுக்கிவைத்திருந்த அச்சு அது. அதற்கு எதிர்ப்பு இன்றைக்கு நேற்றுக் கிளம்பியதல்ல, அந்தப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இருந்தது. 1952இல் வந்த 'புஷ்-பட்டன் கிட்டி'யோடு மேமி தொடரை விட்டுப் போய்விட்டார்.

1965 செப்டம்பரில் சிபிஎஸ் சேனல் இந்தப் படங்களைச் சனிக்கிழமை காலைகளில் போடத் தொடங்கியது. அதற்காக எம்ஜிஎம்மில் அப்போது கார்ட்டூன் பிரிவை நடத்திய சக் ஜோன்ஸின் குழு ஒரு காரியம் செய்தது. மேமி வரும் காட்சிகளை வெட்டவில்லை. பழைய படத்தின் மேலேயே பிரேம் பிரேமாக வைத்து வரைந்து, அவரை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றிவிட்டார்கள். குரலையும் அழித்துவிட்டு, ஜூன் ஃபோரே என்ற வெள்ளைக்கார நடிகையை ஐரிஷ் சாயலில் பேசவைத்துப் பதிந்தார்கள். 1950இல் வந்த 'சாட்டர்டே ஈவினிங் புஸ்' இன்னும் வேடிக்கை. அந்தப் படத்தில் மேமியின் முகமே ஓரிரு கணம் தெரியும். நகையெல்லாம் போட்டுக்கொண்டு சீட்டாட்ட கிளப்புக்குக் கிளம்புவார், டாம் தன் கூட்டாளிப் பூனைகளைக் கூட்டி வந்து வீட்டில் கச்சேரி வைக்கும். மாற்றிய பிரதியில் அவருக்குப் பதிலாக ஒல்லியான வெள்ளைக்கார இளம்பெண் ஒருத்தி வெளியே போகிறாள்.

கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சித்திரத்தை நீக்குகிறோம் என்று தொடங்கி, கடைசியில் என்ன ஆனது? அந்த வீட்டில் கறுப்பினத்தவர் என்று ஒருவர்கூட இல்லாமல் போனார். பெயர் போடாமல் உழைப்பு வாங்கிய நடிகையின் குரலும் சேர்ந்து போனது. வெட்டினால் குறைந்தபட்சம் தாவல் தெரியும், ஏதோ இல்லை என்று பார்ப்பவருக்கு உறுத்தும். இப்படி மாற்றி வரைந்தால் உறுத்தவே உறுத்தாது. அந்தத் தலைமுறைக் குழந்தைகள் பலர் அதையே அசல் என்று நினைத்து வளர்ந்தார்கள்.

1986இல் டெட் டர்னர் எம்ஜிஎம்மின் பழைய படங்களை மொத்தமாக வாங்கினார். கார்ட்டூன் நெட்வொர்க் சேனல் 1992இல் பிறந்ததே இந்த மாதிரி வாங்கிப்போட்ட சரக்கின் பலத்தில்தான். 1995இல் அது இந்தியாவுக்கும் வந்தது. டர்னர் காலத்தில் மேமியின் படம் பழையபடி திரும்பி வந்தது, குரலை மட்டும் மாற்றினார்கள். தியா விடேல் என்ற கறுப்பின நடிகையை வைத்து, கொச்சை நீக்கி, இலக்கணம் திருத்திப் பேசவைத்தார்கள். ஆக, மேமிக்கு மூன்று குரல்கள் உலவுகின்றன. நீங்கள் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு குரல் கேட்டதற்குக் காரணம் இதுதான். ரண்டால்ஃபின் குரல் கனமாக, அறையின் எதிரொலியோடு, இசையோடு ஒட்டிக்கொண்டு வரும். பின்னால் பதிந்த குரல் மைக்குக்குப் பக்கத்தில் நின்று பேசியது மாதிரி தனியாக நிற்கும், அடியில் இருக்கும் இசை அந்த விநாடிகளில் மட்டும் கொஞ்சம் மங்கும். ஹெட்போன் போட்டுக் கேட்டால் எளிதாகப் பிடித்துவிடலாம்.

2006இல் அடுத்த அலை. பிரிட்டனில் ஒரு பார்வையாளர் ஒளிபரப்பு ஒழுங்கு அமைப்பான ஆஃப்காமுக்குப் புகார் அனுப்பினார். 'டெக்சஸ் டாம்' படத்தில் டாம் ஒரு பெண் பூனையை மயக்க ஒற்றைக் கையால் சிகரெட் சுருட்டிப் பற்றவைக்கிறது, 'டென்னிஸ் சம்ப்ஸ்' படத்தில் எதிராளி பெரிய சுருட்டோடு ஆடுகிறது, குழந்தைகள் பார்க்கும் சேனலில் இது சரியா என்று. டர்னர் நிறுவனம் தன் கையில் இருந்த 1,500க்கும் மேற்பட்ட பழைய கார்ட்டூன்களைத் திரும்பப் பார்த்து, புகைப்பதைக் கவர்ச்சியாகக் காட்டும் இடங்களை நீக்குவதாக ஒப்புக்கொண்டது. இந்த முழுக் கதையிலும் அரசு சார்ந்த ஓர் அமைப்பின் நிழல் விழுந்த இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அங்கேகூடக் கத்தரியை எடுத்தது நிறுவனம்தான்.

சரி, இவ்வளவு நடந்த பிறகு அசலுக்குத் திரும்ப முடியுமா? நெகட்டிவை எடுத்து ஸ்கேன் செய்தால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

1950களின் தொடக்கம் வரை தியேட்டர் படங்கள் நைட்ரேட் பிலிமில்தான் எடுக்கப்பட்டன. அது கிட்டத்தட்ட வெடிமருந்து. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும், ஏனென்றால் எரிவதற்கான ஆக்சிஜனை அதுவே கொடுத்துக்கொள்ளும். எம்ஜிஎம் தன் நைட்ரேட் நெகட்டிவ்களை நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் காப்பகத்துக்குக் கொடுத்திருந்தது. 1978 மே 29 அன்று அங்கே தீப்பிடித்து 329 படங்களின் மூல நெகட்டிவ்கள் சாம்பலாயின. எம்ஜிஎம்மின் பழைய கார்ட்டூன்கள் பலவும் அதில் போயின. நல்லவேளையாக, 1960களிலேயே ரோஜர் மேயர் என்ற அதிகாரியின் பொறுப்பில் எம்ஜிஎம் தன் நைட்ரேட் படங்களை எளிதில் தீப்பிடிக்காத பிலிமுக்கு நகலெடுக்கத் தொடங்கியிருந்தது. மற்ற ஸ்டுடியோக்கள் பழைய ரீல்களைக் குப்பை என்று எறிந்துகொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு நமக்குக் கிடைக்கும் ஆரம்ப கால டாம் அண்ட் ஜெர்ரியில் பெரும்பகுதி அந்த நகல்களின் புண்ணியம்.

நகல் என்றால் ஒரு படி இறக்கம். அதோடு, நகலெடுத்த நேரத்தில் படம் எந்த நிலையில் இருந்ததோ அதுதான் பதிவாகும். எம்ஜிஎம் பழைய கார்ட்டூன்களைச் சில ஆண்டுகள் கழித்துத் தியேட்டரில் மறுபடி ஓட்டும். அப்போது முதலில் வரும் டைட்டில் கார்டைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டுவார்கள். அதனால் படத்தின் உடம்பு முழுசாக இருந்தும் முதல் வெளியீட்டில் வந்த டைட்டில் இல்லாத படங்கள் உண்டு. யாராவது ஒரு சேகரிப்பாளரின் வீட்டில் பழைய பிரிண்ட் ஒன்று அகப்பட்டால்தான் அந்த இருபது விநாடி திரும்பக் கிடைக்கும்.

வெளியீட்டுக்கு முன்பே வெட்டப்பட்டது என்றால் அந்த வழியும் அடைந்துவிடும். அதே எம்ஜிஎம்மில் டெக்ஸ் ஏவரி எடுத்த 'ரெட் ஹாட் ரைடிங் ஹூட்' 1943இல் வந்தது. அதன் முதல் முடிவில் ஓநாய்க்கும் பாட்டிக்கும் கட்டாயக் கல்யாணம் நடக்கும். ஹாலிவுட்டின் சொந்தத் தணிக்கை அலுவலகம் ஆட்சேபித்ததால் முடிவையே மாற்றினார்கள். அது வெளியான பிரிண்டில் இல்லை, ஆகவே எந்த ரெஸ்டோரேஷனும் அதைக் கொண்டுவர முடியாது. வேடிக்கை என்னவென்றால், மிருகத்துக்கும் மனுஷிக்கும் கல்யாணமா என்று பதறிய அதே அலுவலகத்துக்குக் கரி பூசிய முகங்கள் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

இனி ஆய்வகத்துக்குள் போவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

அந்தக் கால டெக்னிகலர் கார்ட்டூனைப் படம்பிடித்தது கருப்பு வெள்ளை பிலிமில். ஒவ்வொரு ஓவியத்தையும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக அடுத்தடுத்து மூன்று தடவை எடுப்பார்கள். விநாடிக்கு 24 பிரேம், ஏழு நிமிடம் என்றால் 10,080 பிரேம். மூன்றால் பெருக்கினால் 30,240 தடவை கேமரா சொடுக்க வேண்டும். அப்புறம் அந்த மூன்று பதிவுகளையும் சாயம் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் வண்ணப் படம். இன்றைக்கு ரெஸ்டோர் செய்பவர்கள் இந்த மூன்று பதிவுகளையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து கணினியில் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். நல்ல பொருத்தமாக அமைந்தால், 1940களின் தியேட்டரில் பார்த்ததைவிடக் கூர்மையான படம் கிடைக்கும்.

வண்ணம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்து டெக்னிகலர் பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அந்தச் சாயம் லேசில் மங்காது. டிவிக்காகப் பின்னாளில் போட்ட ஈஸ்ட்மன் வண்ணப் பிரிண்ட்கள் நேர்மாறு. அவை வயதாக ஆக ரோஸ் நிறத்தில் வெளிறிப்போகும். பழைய டிவி ஒளிபரப்பில் டாமின் சாம்பல் நிறம் ஊதாவாகத் தெரிந்தது உங்களுக்கு ஞாபகம் இருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து அழுக்கு. கார்ட்டூனில் அழுக்கு பல விதம். ஓவியம் வரைந்த ஒளி ஊடுருவும் தாளில், அதாவது செல்லில், படம்பிடித்த அன்றே உட்கார்ந்திருந்த தூசி ஒன்று. பிலிமின் மேல் பின்னால் சேர்ந்த தூசியும் கீறலும் இன்னொன்று. முதல் வகைத் தூசி மூன்று வண்ணப் பதிவுகளிலும் ஒரே இடத்தில் இருக்கும், ஆகவே திரையில் நிறமில்லாத புள்ளியாகத் தெரியும். இரண்டாவது பெரும்பாலும் ஒரே ஒரு பதிவில் மட்டும் இருக்கும், அதனால் சிவப்பாகவோ நீலமாகவோ பச்சையாகவோ மின்னும். விவரம் தெரிந்தவர் புள்ளியின் நிறத்தைப் பார்த்தே அது 1948இல் விழுந்த தூசியா, அதற்குப் பிறகு வந்ததா என்று சொல்லிவிடுவார். பின்னால் வந்ததைத் துடைக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. செல்லில் இருந்ததை? அது அந்தப் படத்தை எடுத்தவர்களின் கைபட்ட தடயம், முதல் நாள் தியேட்டரில் பார்த்தவரும் அதைப் பார்த்தார் என்று ஒரு கட்சி. அவர்களே நேரம் இருந்திருந்தால் துடைத்திருப்பார்கள் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி, ஆனால் கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிசாக இருந்தால் கட்சி மாறிவிடுவேன்.

இந்த நுணுக்கமெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது. 2000களில் வந்த பழைய கார்ட்டூன் டிவிடிகள் சிலவற்றில் தானியங்கிச் சுத்திகரிப்பைக் கட்டுப்பாடில்லாமல் ஓடவிட்டார்கள். ஒரு பிரேமில் மட்டும் தெரிந்து அடுத்ததில் மறையும் எதையும் அது கீறல் என்று நினைத்து அழிக்கும். டாம் வேகமாக ஓடும்போது உடம்பே நீண்டு, பின்னால் தூரிகையால் இழுத்த கோடுகள் ஒரு பிரேம் மட்டும் வந்து போகுமே, அந்த வேகமே அதில்தான் இருக்கிறது. மென்பொருள் அதைத் தின்றுவிட்டது. ஓடும்போது மீசை பாதி இல்லை, கையின் ஓரக்கோடு அறுந்து அறுந்து தெரியும். யாரும் எதையும் தடை செய்யவில்லை, யார் மனமும் புண்படவில்லை, ஆனாலும் ஓவியர்கள் வரைந்தது போய்விட்டது. என்னைக் கேட்டால் சிகரெட் காட்சியை எடுத்ததைவிட இது பெரிய சேதம், ஏனென்றால் இது படத்தின் ஒவ்வொரு நிமிடத்திலும் நடக்கிறது.

அகலத்திரைப் படங்களுக்கு இன்னொரு சேதம். 1954இல் இருந்து டாம் அண்ட் ஜெர்ரியிலும் சினிமாஸ்கோப் வந்தது. டிவியின் சதுரச் சட்டத்துக்குள் அடைக்க இரண்டு பக்கமும் நறுக்கினார்கள். டாம் எதையோ பார்த்து மிரளும், எதைப் பார்த்து என்று நமக்குத் தெரியாது, ஏனென்றால் அது சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

வெளியீட்டு முடிவுகளுக்கு வருகிறேன். 2011இல், இந்தப் படங்களின் உரிமையை அப்போது வைத்திருந்த வார்னர் நிறுவனம் 'கோல்டன் கலெக்ஷன்' என்று முதல் தொகுப்பைப் புளூ-ரேயில் கொண்டுவந்தது. வரிசைப்படி 37 படங்கள், நல்ல தரம். 2013இல் இரண்டாம் தொகுப்பு அறிவித்தபோது 'மவுஸ் கிளீனிங்'கும் 'காசனோவா கேட்'டும் அதில் இல்லை என்பது தெரியவந்தது. சேகரிப்பாளர்களுக்கான தொகுப்பு என்று சொல்லிவிட்டு இரண்டைத் தூக்குவது என்ன நியாயம் என்று ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். தொகுப்பு தள்ளிப்போனது, அப்படியே நின்றும் போனது. இரண்டு படத்தால் மற்ற படங்களும் அலமாரியிலேயே தங்கின. அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2025இல்தான் 114 படங்களையும் வெட்டில்லாமல் ஒரே தொகுப்பாகத் தருவதாக வார்னர் அறிவித்தது.

முழுசாகப் போடுவதற்கு நாகரிகமான வழி ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வருத்தம். 2005இல் வந்த டிவிடி தொகுப்பு ஒன்றில் நடிகை வூப்பி கோல்ட்பெர்க் முன்னால் வந்து பேசுவார். இந்தச் சித்திரிப்புகள் அன்றைக்கும் தவறு, இன்றைக்கும் தவறு, ஆனால் இவற்றை நீக்கினால் இப்படியொரு காலமே இல்லை என்று மறுப்பதாகிவிடும் என்ற பொருளில். 2014இல் அமேசானும் ஐடியூன்ஸும் இதே மாதிரி எச்சரிக்கை வரியைச் சேர்த்தபோது, ஒரு பூனை எலி கார்ட்டூனுக்கு இவ்வளவா என்று பலர் நக்கலடித்தார்கள். நான் எச்சரிக்கையின் பக்கம். இரண்டு வரி எழுதிப் போடுவதால் ஒரு பிரேம்கூடக் குறையவில்லையே.

டாம் அண்ட் ஜெர்ரி மட்டும் இல்லை. கறுப்பின மக்களைக் கேலி செய்கின்றன என்று, வார்னர் கார்ட்டூன்களில் பதினொன்றை 1968இல் அப்போதைய உரிமையாளர் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிவிப் பட்டியலில் இருந்து மொத்தமாக எடுத்துவிட்டது. 'லிட்டில் ராஸ்கல்ஸ்' என்று ஓடிய பழைய சிறுவர் நகைச்சுவைக் குறும்படங்களை 1971இல் கிங் வேர்ல்ட் நிறுவனம் இதே காரணத்துக்காகத் தாறுமாறாக வெட்டியது. சாப்ளின் 1916, 1917 ஆண்டுகளில் மியூச்சுவல் கம்பெனிக்கு எடுத்த பன்னிரண்டு படங்களை 1932இல் வான் பியூரன் ஸ்டுடியோ வாங்கி, பேசும்படக் காலத்துக்கு ஏற்ப இசையும் சத்தமும் சேர்த்து ஓட்டியது. ஒலித்தடத்துக்கு இடம் வேண்டி பிரேமின் ஒரு ஓரம் போனது, பேசும்பட வேகத்தில் ஓடியதால் சாப்ளின் குதித்துக் குதித்து நடப்பவர் ஆனார். எத்தனையோ பேர் மனதில் இருக்கும் அந்தப் படபட நடை அவர் நடந்த நடையே இல்லை.

இடையில் ஒன்று. வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும், "டாம் அண்ட் ஜெர்ரியின் கடைசி எபிசோடில் இரண்டும் தண்டவாளத்தில் உட்கார்ந்து தற்கொலை செய்துகொள்ளும், அதனால் தடை செய்துவிட்டார்கள்" என்று. அந்தப் படம் இருக்கிறது, பெயர் 'புளூ கேட் புளூஸ்', 1956. இரண்டும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்க, தூரத்தில் ரயில் சத்தம் கேட்பதோடு முடியும். டிவியில் அரிதாகத்தான் போடுவார்கள், அதுவும் உண்மை. ஆனால் கடைசிப் படம் அது இல்லை. அதற்குப் பிறகும் ஹன்னாவும் பார்பராவும் இரண்டு வருடம் டாம் அண்ட் ஜெர்ரி கொடுத்தார்கள். அவர்களுடைய கடைசிப் படம் 1958இல் வந்த 'டாட் வாட்சர்ஸ்'.

மகனுக்கு எதைக் காட்டுவது என்பது உங்கள் வீட்டு விஷயம். என் வழக்கத்தைக் கேட்டால், ஆறேழு வயதுப் பிள்ளைக்கு 'மவுஸ் கிளீனிங்'கை வெட்டிப் போடுவதைவிட அதைத் தாண்டி அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். 114இல் அப்படித் தாண்ட வேண்டியவை கொஞ்சம்தான். 'தி கேட் கன்செர்ட்டோ', 'தி லிட்டில் ஆர்ஃபன்', 'ஜோஹன் மவுஸ்' என்று ஆஸ்கர் வாங்கியவையே ஏழு இருக்கின்றன. பிள்ளை கொஞ்சம் வளர்ந்து, கரி பூசிய முகத்தைப் பார்த்து ஏன் சிரித்தார்கள் என்று கேட்கும் வயதில் முழுப் படத்தையும் போட்டுப் பேசலாம்.

வாங்குவதாக இருந்தால் அட்டையில் 'ரெஸ்டோர்' என்ற சொல்லைத் தேடாமல், 'அன்கட்' அல்லது முழு நீளம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே எத்தனை படங்கள் என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். ஸ்ட்ரீமிங்கில் இருப்பவற்றுக்கு இந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது, இன்றைக்கு இருக்கும் பிரதியை நாளைக்குச் சத்தமில்லாமல் மாற்றிவைக்க முடியும். கையில் கிடைத்த பிரதியைச் சோதிக்க, மேமி பேசும் படம் ஒன்றைப் போட்டு அவர் "தாமஸ்!" என்று கத்தும் இடத்தைக் கேளுங்கள். பின்னணி இசை அந்த நொடியில் மங்காமல் ஓடினால் அது ரண்டால்ஃப்.